நாலு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாத பழைய எஸ்யூவி: எங்கே பார்ப்பது, எவ்வளவு ஆகும்?

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே தொந்தரவில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. எட்டு மாதம் முன்பு 2016 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்றைச் செகண்ட்ஸில் வாங்கியிருக்கிறீர்கள், 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. நாலு நாள் சும்மா நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை. ராத்திரி பனியில் மலை இறங்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. போன வாரம் ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் லைட் எல்லாம் மீட்டரில் ஒரே நேரத்தில் எரிந்திருக்கின்றன. ஒரு கடையில் காட்டியதற்கு ஈசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 45,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். மாற்றலாமா, இன்னும் என்னென்ன செலவு காத்திருக்கிறது என்பது உங்கள் கேள்வி.

மாற்றாதீர்கள். அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் எனக்கு 22 வருடம் ஆகிறது. மீட்டரில் எல்லா லைட்டும் மொத்தமாக எரிந்த வண்டிகளில் ஈசிஎம் உண்மையிலேயே கெட்டிருந்தது மிகக் குறைவு. ஒரு வண்டியில் நாலைந்து பாகம் ஒரே நாளில் கெட்டுப்போகாது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எதுவோ அதுதான் கெட்டிருக்கும். பொதுவாக இருப்பது மின்சாரம் வரும் வழியும் திரும்பும் வழியும். அதாவது பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவைப் பாடி, இன்ஜின் உலோகத்தோடு சேர்க்கும் இணைப்பு), ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது). வோல்டேஜ் 10-க்குக் கீழே சரிந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு ஃபால்ட் கோடு எழுதி வைத்துவிடும். அதை ஸ்கேனரில் படித்துவிட்டு ஒவ்வொன்றையும் தனி நோயாக நினைத்தால் செலவு லட்சத்தில் போய் நிற்கும்.

முதலில் 500 ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் இருப்பவர்கள் கையில் அது கட்டாயம் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிந்ததும் சாவியைப் போடாமல், பானெட்டை மட்டும் தூக்கிப் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான். அப்புறம் வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நிறைந்திருக்கும் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் அதற்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். டீசல் எஸ்யூவிக்கு 65 முதல் 80 ஆம்பியர் ஹவர் பேட்டரி வரும். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால் சுமார் 6,500 முதல் 11,000 வரை ஆகும். வாங்கும்போது மேலே இருக்கும் தேதிக் குறியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடையில் ஏழெட்டு மாதம் தூங்கிய பேட்டரிக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஆனால் பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் பேட்டரி செத்ததா, சாகடிக்கப்பட்டதா என்று தெரிந்தாக வேண்டும். காரணம் இருக்கும்போது புதியதைப் போட்டால் அதுவும் ஆறு மாதத்தில் அதே கதிக்கு வரும்.

நாலு நாள் நின்றால் மட்டும் வருகிற தொல்லைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது வண்டி தூங்கும்போது யாரோ கரண்ட் குடிப்பதைத்தான். பூட்டி நிறுத்திய வண்டி அலாரம், கடிகாரம், சாவி ரிசீவருக்காக 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்தால் சரி. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். ஒரு மாதம் நின்றாலும் நல்ல பேட்டரி தாங்கும். அதுவே அரை ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 12 போகும். நாலு நாளில் 48. உங்கள் கணக்கு சரியாக அங்கேதான் இடிக்கிறது.

இதைப் பார்க்கும் முறையில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். மீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் கழற்றிய அதன் ஒயருக்கும் நடுவில் மாட்டி, உடனே 3 ஆம்பியர், 4 ஆம்பியர் என்று பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். வண்டியைப் பூட்டியதும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்குவதில்லை. அரை மணி, சிலவற்றில் முக்கால் மணி நேரம் ஆகும். பானெட்டைத் திறந்து வைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடியது போல அழுத்திவிட்டு, வண்டியைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். 50 மில்லிக்கு மேல் எடுத்தால் ஃபியூஸைப் பிடுங்கித் தேடாதீர்கள். பிடுங்கினால் தூங்கியது எழுந்துவிடும். ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். எதில் எண் வருகிறதோ அந்த வழியாகத்தான் கரண்ட் போகிறது.

செகண்ட்ஸ் வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் கம்பெனி போட்ட பொருளாக இருக்காது. முன்னால் ஓட்டியவர் மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், டேஷ் கேமரா, அல்லது டிராவல்ஸில் ஓடிய காலத்தில் ஒளித்து வைத்த ஜிபிஎஸ். வண்டியை விற்ற பிறகும் அந்த ஜிபிஎஸ் டேஷ்போர்டுக்குப் பின்னால் உயிரோடு இருக்கும். வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. கழற்றி எடுக்க 500 முதல் 1,000 கூலி. ஸ்டீரியோ ஒயரை இக்னிஷன் லைனுக்கு மாற்றிப் போட அதே அளவுதான்.

இன்னொரு மலைக் காரணமும் இருக்கிறது. ஏற்காட்டில் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து ஸ்கூலுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள். டீசல் இன்ஜினைத் தூக்க ஒவ்வொரு செல்ஃபும் 200 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். அந்தச் சின்ன ஓட்டத்தில் போனது திரும்ப நிரம்பாது. வாரம் ஒரு முறை அடிவாரம் வரை போய் வந்தாலே பேட்டரியின் ஆயுள் கூடும்.

அடுத்தது எர்த். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மக்கள் இழந்த பணத்தில் பெரும்பகுதி இதைப் பார்க்காததால்தான்.

சில மாதம் முன்பு மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டார் புதிது. இரண்டுக்கும் சேர்த்து 17,000 செலவழித்திருந்தார். அப்படியும் காலையில் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடித்தேன். 2.1 வோல்ட் காட்டியது. 0.2-க்கு மேல் வரக்கூடாத இடம் அது. கீழே படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து சேஸிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றியதும் பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். புதுப் பட்டை 450 ரூபாய், இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து போட 300 கூலி. வண்டி அரைச் சுற்றில் பிடித்தது. அந்த மனிதர் முகத்தில் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

மலையில் ஈரம், பனி, சேறு எல்லாம் சேர்ந்து இந்த எர்த் முனைகளைச் சீக்கிரம் தின்றுவிடும். உங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து இன்ஜினுக்கு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஃபெண்டர் ஓரத்தில் என்று குறைந்தது மூன்று நாலு எர்த் முனை இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, பெயின்ட் போகும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து 800 முதல் 2,000-க்குள் முடியும்.

ஹெட்லைட் மங்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்ப் ஹோல்டரில் 12.6 மட்டும் வந்தால் வோல்டேஜ் 10 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் ஹாலஜன் பல்பில் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். இதைச் சரிசெய்யாமல் 100/90 வாட் பல்ப் மாட்டிவிடுகிறார்கள். 60/55 வாட்டுக்குச் செய்த ஒயரில் அது இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும். ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருந்தால் கழற்றிவிட்டு, கம்பெனி அளவு பல்பும் தனி ரிலே கிட்டும் போடுங்கள். 1,200 முதல் 2,500 ஆகும்.

சரி, ஆல்டர்னேட்டர். நம் ஊரில் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ராத்திரி பனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், கண்ணாடி வேர்க்காமல் இருக்க புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர், இன்ஜினின் சொந்தத் தேவை எல்லாம் சேர்ந்தால் 60 ஆம்பியர் பக்கம் போகும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டதால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் முழு அளவு கொடுக்காது. கார்பன் பிரஷ் தேய்ந்த ஆல்டர்னேட்டராக இருந்தால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கும். ஏறும்போது வராத தொல்லை இறங்கும்போது வருவது இதனால்தான்.

ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு 1,500 ஆர்பிஎம்மில் பேட்டரியில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வந்தால் நல்லது. 13.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போதவில்லை. 15-க்கு மேல் என்றால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அதோடு ஓட்டவே வேண்டாம். மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்குத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் உள்ளே டயோடு கெட்டிருக்கிறது. கெட்ட டயோடு ராத்திரியில் பேட்டரியையும் குடிக்கும், இரண்டு வேலையும் அதே செய்யும். பிரஷும் ரெகுலேட்டரும் மாற்ற 1,500 முதல் 4,000. பேரிங், டயோடு பிளேட் சேர்த்தால் 4,000 முதல் 7,500. புதிதாகவே போட்டால் 12,000-லிருந்து 25,000 வரை. பெரும்பாலும் புதிது தேவைப்படாது.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பழைய ஜீப்பில், அம்பாசடரில் அது சரி. இப்போதைய வண்டியில் அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி ஈசிஎம்மையே கொன்றுவிடும். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதே மாதிரி கேரியர், கம்பி எதையாவது வண்டியில் வெல்டிங் வைக்கும் முன்னால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியாக வேண்டும்.

செல்ஃப் மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சத்தமே சொல்லிவிடும். 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு 'டக்' என்றால், எர்த் சரியாக இருக்கும் பட்சத்தில், சொலனாய்டு (செல்ஃப் மோட்டாரின் காந்த ஸ்விட்ச்) அல்லது பிரஷ். வெறுமனே சுற்றி இன்ஜின் திரும்பவில்லை என்றால் இன்ஜின் பல்லில் போய்க் கோர்க்கும் பெண்டிக்ஸ். ரிப்பேர் 1,500 முதல் 3,500, புதிது 8,000 முதல் 16,000. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மட்டும் இழுத்து இழுத்துப் பிடித்து, வெள்ளைப் புகை விட்டு, கொஞ்ச நேரம் உதறி ஓடினால், குளிரில் டீசல் பற்றுவதற்குச் சூடு கொடுக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். ஒன்று 600 முதல் 1,500, நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற உங்களுக்கு இது தேவைப்படும். கீழே சேலத்தில் ஓட்டுபவருக்கு அது கெட்டிருப்பதே தெரியாது.

எலியைச் சொல்லாமல் ஏற்காட்டு வண்டிக்குப் பதில் முழுமையாகாது. இன்ஜின் மேல் மூடியைக் கழற்றினால் சில்வர் ஓக் சருகும் காப்பித் தோலும் மெத்தை மாதிரி இருக்கும். பக்கத்திலேயே இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் உரிந்து செம்பு தெரியும். இதைப் பார்க்காத மாதம் எனக்கு இல்லை. அறுந்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேலையே அல்ல. ஈரம் உள்ளே போய் மூன்று மாதத்தில் பச்சை பிடித்து, எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஃபால்ட்டாகத் திரும்பி வரும். கிரிம்ப் செய்து (உலோகக் குழல் வைத்து அழுத்தி இணைத்து), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே நெளி குழாய் மாட்டச் சொல்லுங்கள். கடித்த அளவைப் பொறுத்து 500 முதல் 4,000. இன்ஜின் ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றால் 20,000-லிருந்து 60,000 வரை போகும். அந்த வார்த்தை வந்தால் எந்தெந்த ஒயர் போயிருக்கிறது என்று நேரில் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒட்டுப்போடவே முடியும். எலி மருந்தைப் பானெட்டுக்குள் வைக்காதீர்கள், அதைத் தின்ற எலி புளோயருக்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். ராத்திரி பானெட்டைத் தூக்கியே வைப்பதும், மாட்டுத் தீவனம், நாய்ச் சோறு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும்தான் நான் பார்த்ததில் பலன் தந்தவை.

அந்தச் சருகு இன்னொரு வேலையும் செய்யும். வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் சேர்ந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால்மிதிக்கு அருகே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ், பாடி கம்ப்யூட்டர் மேல் விழும். சன்ரூஃப் இருந்தால் அதன் குழாயும் இப்படித்தான் அடைக்கும். ஹார்ன் தானாக அடிப்பது, கண்ணாடி தானாக இறங்குவது, சென்ட்ரல் லாக் பேய் பிடித்த மாதிரி ஆடுவது எல்லாம் இதனால் வருபவை. பாடி கம்ப்யூட்டர் மாற்ற 12,000 முதல் 25,000. மாதம் ஒரு முறை கையால் சருகு அள்ள ஐந்து நிமிடம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பின் கதவின் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுவது எஸ்யூவிகளில் சகஜம். நம்பர் பிளேட் லைட், பின் வைப்பர், கேமரா மூன்றும் விட்டுவிட்டு வேலை செய்தால் அங்கே பாருங்கள், 600 முதல் 1,500. கண்ணாடி மோட்டார் கதவு ஒன்றுக்கு 2,000 முதல் 4,500. ஸ்டீயரிங் திரும்பும்போது ஹார்ன் அடிக்காமல், கூடவே ஏர்பேக் லைட்டும் எரிந்தால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங், 3,000 முதல் 9,000. மஞ்சள் கப்ளர் போட்ட ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைக்க யாரையும் விடாதீர்கள். ஏபிஎஸ் லைட் மட்டும் நின்று எரிந்தால் சக்கர சென்சார் அல்லது அதன் ஒயர், 1,500 முதல் 4,000. அதற்கு முன்னால் பிரேக் பெடல் மேலே இருக்கும் ஸ்விட்சைப் பாருங்கள். 300 முதல் 800 ரூபாய்ப் பொருள், கெட்டால் மலையேற்ற உதவி, க்ரூஸ் எல்லாம் நின்று இரண்டு மூன்று லைட்டை எரியவைக்கும். உங்களிடம் ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் இன்னொன்று இப்போதே செய்துகொள்ளுங்கள். 5,000 முதல் 12,000 ஆகலாம், ஆனால் இருக்கும் ஒன்றும் தொலைந்தபின் ஆகும் செலவு அதைவிட அதிகம்.

இந்த விலைகள் என் கடையிலும் தெரிந்த கடைகளிலும் நடப்பவை. வண்டி மாடலைப் பொறுத்து மாறும், கம்பெனி சர்வீஸில் கூலி கூடும்.

இனி உங்கள் ஈசிஎம். அது போய்விட்டது என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும். அதற்கு வரும் ஃபியூஸில் முழு வோல்டேஜ் இருக்கிறதா, அதன் எர்த் முனையில் வோல்டேஜ் வீணாகிறதா, கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரண்டு கேன் ஒயர்களும் சரியாக இருக்கின்றனவா. கடைசியதைப் பார்ப்பது எளிது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டு பின்களுக்கு நடுவில் ஓம் பார்த்தால் 60 பக்கம் வர வேண்டும். 120 என்றால் எங்கோ ஒரு ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. இரண்டில் எதுவாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியது ஒயரிங்கைத்தான். இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஈசிஎம் பேசவில்லை என்றால் மட்டும் அதைக் கழற்றலாம். அப்போதும் போர்டு ரிப்பேர் செய்பவர்களிடம் 8,000 முதல் 20,000-க்குள் முடிய வாய்ப்பு உண்டு. உங்கள் வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகி மலை ஏறி இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செத்த ஈசிஎம் அதைச் செய்யாது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருக்கிறது, அதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பல கை மாறி வெளியூர்களுக்குப் போயின. முன் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளரைப் பிரித்துப் பின்கள் பச்சையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன செலவுக் கணக்கெல்லாம் மாறிவிடும், அப்போது வேறு மாதிரி பேச வேண்டும்.

இல்லை என்றால், என் கணிப்பில் உங்கள் வண்டிக்குத் தேவை கரண்ட் குடிக்கும் பொருளைக் கழற்றுவது, எர்த் முனைகள், ஆல்டர்னேட்டர் பிரஷ் அல்லது ரெகுலேட்டர். கடைசியாக, தேவைப்பட்டால், பேட்டரி. ஸ்கேனிங் 500 முதல் 1,000 சேர்த்தாலும் பேட்டரி இல்லாமல் 8,000-க்குள், பேட்டரியோடு 19,000-க்குள் முடிய வேண்டும்.

விடியற்காலை வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது இறங்கும் வோல்டேஜ், எல்லாம் போட்டு 1,500 ஆர்பிஎம்மில் வரும் வோல்டேஜ். இந்த மூன்று எண்ணையும் எழுதி அனுப்புங்கள், எதில் தொடங்கலாம் என்று சொல்கிறேன். சேலம் இறங்குவதாக இருந்தால் பகலில் வாருங்கள், ஃபாக் லைட்டையும் பின் ஹீட்டரையும் அணைத்துவிட்டு. வரும் முன் இன்ஜினை வாட்டர் வாஷ் செய்யாதீர்கள். எலி கடித்த தடமும் பச்சைப் பொடியும் அப்படியே இருந்தால்தான் எனக்குத் தேட வசதி.